ஓசை எங்கே திரும்புகிறது? திருமறை வசனங்களின் ஈற்றொலி பற்றி



அல்குர்ஆன் கவிதையா, உரைநடையா? அரபு இலக்கியத்தைக் கற்கப் புகும் எவர் முன்னும் முதலில் வந்து நிற்கும் வினா இது. கவிதை என்று சொல்ல நாக் கூசுகிறது. திருமறையே அதை மறுத்திருக்கிறது. வெறும் உரைநடை என்று சொல்லவும் செவி இடங்கொடுப்பதில்லை. ஒரு காரி ஓதக் கேட்கும்போது, அரபு மொழி அறியாதவர்கூட, வசனத்துக்கு வசனம் ஒரே வகையான ஒலி வந்து முடிவதை உணர்கிறார். அந்த ஒலி ஓரிடத்தில் மாறும்போது, ஏதோ மாறிவிட்டது என்பதையும் உணர்கிறார். மாறியது என்ன என்பதுதான் அவருக்குத் தெரிவதில்லை.

இன்றைய உரையில் அந்த ஒலியைப் பற்றியும், அது திரும்பும் இடங்களைப் பற்றியும் சிறிது பார்ப்போம்.

மக்கத்து மக்கள் அறிந்த பேச்சு வகைகள்

நபி (ஸல்) அவர்கள் பிறந்து வளர்ந்த அரபு நாட்டில், பேச்சு என்பது பெரும் செல்வம். எழுத்துப் பழக்கம் குறைவு. காது வழியே கேட்டு நெஞ்சில் பதித்துக்கொள்ளும் பழக்கம் அதிகம். அம்மக்கள் மூன்று வகைப் பேச்சை அறிந்திருந்தனர்.

முதலாவது 'ஷிஃர்' எனப்படும் கவிதை. அதற்குக் கட்டுப்பாடான யாப்பு உண்டு. அந்த யாப்பின் அளவைகளைக் கி.பி. 8ஆம் நூற்றாண்டில் பஸ்ராவில் வாழ்ந்த கலீல் இப்னு அஹ்மத் ஆராய்ந்து பதினைந்தாக வகுத்தார். அவருக்குப் பின் வந்த அக்ஃபஷ் பதினாறாவதைச் சேர்த்தார் என்பர். கவிதையின் முதல் அடி தொடங்கிக் கடைசி அடி வரை, அடியின் முடிவில் ஒரே எழுத்து வரவேண்டும். அதற்குக் 'காஃபியா' என்று பெயர்.

இரண்டாவது 'ஸஜ்உ'. புறாக்கள் விட்டுவிட்டுக் குனுகும் ஒலிக்கு அரபியர் இட்ட பெயர் அது. யாப்பு அளவு இல்லாமல், சிறு சிறு வாக்கியங்களாக, ஈற்றில் மட்டும் ஒலி ஒத்து வரும் பேச்சு. குறி சொல்லும் 'காஹின்'கள் இந்த நடையில்தான் பேசினர். மூன்றாவது, வீட்டிலும் சந்தையிலும் மக்கள் பேசிய சாதாரணப் பேச்சு.

வஹி இறங்கத் தொடங்கியபோது மக்கத்துத் தலைவர்கள் தடுமாறியதற்குக் காரணம் இதுதான். சிலர் 'இவர் கவிஞர்' என்றனர். சிலர் 'காஹின்' என்றனர். ஸூரத்துல் ஹாக்கா இவ்விரண்டையும் அடுத்தடுத்த இரு வசனங்களில் மறுக்கிறது. இது கவிஞன் சொல்லும் அல்ல, குறிகாரன் சொல்லும் அல்ல என்பது அவற்றின் கருத்து. யாப்பு இல்லாததால் அது கவிதை அல்ல என்பது எளிதில் விளங்கும். ஆனால் ஈற்றில் ஒலி ஒத்து வருகிறதே, அதை ஸஜ்உ எனலாமா? இந்த வினாவுக்கு விடை காண்பதில் அறிஞர்கள் பல நூற்றாண்டுகளைச் செலவிட்டனர்.

தமிழ்ச் செவியும் அரபுச் செவியும்

தமிழ் கற்ற நமக்கு ஒலி ஒப்புமை புதிதல்ல. தொல்காப்பியம் தன் செய்யுளியலில் மோனை, எதுகை, முரண், இயைபு, அளபெடை என்று தொடைகளைக் கூறுகிறது. ஆனால் நம் காது பெரும்பாலும் அடியின் தொடக்கத்தையே தேடிப் பழகியது. 'பட்டு' என்று ஓரடி தொடங்கினால் 'கட்டு' என்று மறு அடி தொடங்குவதை எதிர்பார்ப்போம். அதுவே எதுகை. அடியின் முடிவில் ஒலி ஒன்றுவது இயைபு. தமிழ்ப் பாவில் அது இரண்டாம் இடத்தில்தான் இருந்து வந்திருக்கிறது.

அரபியருக்கோ முடிவுதான் முக்கியம். வாக்கியம் எங்கே போய் இறங்குகிறது என்பதைக் கேட்கவே அவர்களது செவி காத்திருக்கும். ஆகவே திருமறையின் ஓசையை அனுபவிக்க விரும்பும் தமிழர், தம் காதைத் தொடக்கத்திலிருந்து முடிவுக்கு நகர்த்திக்கொள்ள வேண்டும்.

வசனத்தின் முடிவில் வரும் அந்தச் சொல்லுக்கு அறிஞர்கள் தனிப்பெயர் ஒன்றைத் தேர்ந்தனர். கவிதைக்குரிய 'காஃபியா'வும் வேண்டாம், குறிகாரர்களுக்குரிய 'ஸஜ்உ'வும் வேண்டாம் என்று விலக்கி, 'ஃபாஸிலா' என்றனர். பன்மையில் 'ஃபவாஸில்'. பிரித்துக் காட்டுவது என்பது பொருள். 41ஆவது அத்தியாயத்தின் பெயரான 'ஃபுஸ்ஸிலத்' என்ற சொல்லும் இதே வேரிலிருந்து வந்தது; அதன் மூன்றாம் வசனம், வசனங்கள் பிரித்து விளக்கப்பட்ட வேதம் என்ற கருத்தைத் தருகிறது. எனவே பெயரைத் திருமறையிலிருந்தே எடுத்துக்கொண்டனர் எனலாம்.

நின்றால்தான் ஓசை

ஃபாஸிலாவை அறிய விரும்புபவர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்றுண்டு. ஓதுபவர் வசன முடிவில் நிறுத்தினால்தான் இந்த ஓசை பிறக்கும்.

அரபியில் பெயர்ச்சொல்லின் கடைசி எழுத்து, வாக்கியத்தில் அதன் இடத்துக்கு ஏற்ப உகரம், அகரம், இகரம் என்று குறில் ஒலி ஏற்கும். சேர்த்து ஓதினால் இவை ஒலிக்கும். நிறுத்தினால் அந்தக் குறில் விழுந்துவிடும். 'வக்ஃபு' எனப்படும் இந்த நிறுத்தமே வெவ்வேறு சொற்களை ஒரே ஒலியில் கொண்டுவந்து சேர்க்கிறது.

நாம் எல்லோரும் சிறு வயதிலேயே மனனம் செய்த ஸூரத்துல் இக்லாஸைப் பாருங்கள். நான்கு வசனங்கள். அவற்றின் ஈற்றுச் சொற்கள் அஹத், ஸமத், யூலத், அஹத். இலக்கணப்படி முதற்சொல் 'அஹதுன்', இரண்டாவது 'ஸமது', மூன்றாவது குறிலற்ற 'யூலத்', நான்காவது மீண்டும் 'அஹதுன்'. சேர்த்து ஓதினால் மூன்று வகையான முடிவுகள். நிறுத்தி ஓதினால் நான்கும் 'தால்' என்ற ஒரே எழுத்தில் வந்து இறங்குகின்றன. அதுவும் எத்தகைய எழுத்து! தஜ்வீத் கலையில் 'கல்கலா' எழுத்துகள் ஐந்து என்பர். நிறுத்தும்போது அவை சற்றுத் துள்ளி எதிரொலிக்கும். தால் அவற்றுள் ஒன்று. இறைவன் ஒருவனே என்பதைச் சொல்லும் அந்தச் சிறிய அத்தியாயம், ஒவ்வொரு வசனத்திலும் கதவைத் தட்டுவது போன்ற உறுதியான ஒலியில் முடிகிறது.

நபி (ஸல்) அவர்கள் ஒவ்வொரு வசனமாக நிறுத்தி நிறுத்தி ஓதுவார்கள் என்று அன்னை உம்மு ஸலமா (ரழி) அவர்கள் அறிவித்த செய்தி திர்மிதி, அபூதாவூத் ஆகிய நூல்களில் உள்ளது. ஓசையின் பார்வையில் இது எவ்வளவு பெரிய வழிகாட்டல் என்பதை இப்போது உணரலாம். மூச்சுப் பிடித்து ஒரே ஓட்டமாக ஓதி முடிப்பவர், பொருளை மட்டுமன்றி ஓசையையும் தம் கையாலேயே கலைத்துவிடுகிறார்.

எந்த எழுத்துகள் அதிகம்?

திருமறையின் 114 அத்தியாயங்களில், கூஃபாவினரின் கணக்குப்படி 6236 வசனங்கள் உள்ளன. அவற்றில் ஏறக்குறையப் பாதி 'நூன்' எழுத்தில் முடிகின்றன. 'ஊன்', 'ஈன்' என்ற நெடிய முடிவுகளே மிகுதி. இவற்றோடு 'ஈம்' என்ற மீம் முடிவும் இணைந்து வரும். கவிதைக் காஃபியாவில் நூனையும் மீமையும் கலப்பது குற்றம். ஃபாஸிலாவில் அது இயல்பு. கட்டு இருக்கிறது, ஆனால் கவிதையின் இறுக்கம் இல்லை.

நூன் ஏன் இவ்வளவு மிகுதி? 'அல்புர்ஹான்' எழுதிய ஸர்கஷீயும் (கி.பி. 1392இல் மறைந்தவர்), 'அல்இத்கான்' எழுதிய ஸுயூத்தியும் (கி.பி. 1505இல் மறைந்தவர்) இதற்கு விளக்கம் தருகின்றனர். நெடில் எழுத்துகளும் அவற்றைத் தொடரும் நூனும், குரலை நீட்டி இனிமையாக ஓத இடந்தருகின்றன. அரபியர் இராகமிட்டுப் பாடும்போது இவ்வெழுத்துகளையே நாடுவர் என்று இலக்கண மேதை ஸீபவைஹி கூறியிருப்பதையும் அவர்கள் எடுத்துக்காட்டுகின்றனர். தஜ்வீத் சட்டப்படி இத்தகைய முடிவுகளை இரண்டு, நான்கு, ஆறு ஹரகத் அளவுக்கு நீட்டலாம். நம் அளபெடையை இதற்கு ஒப்பிடலாம்.

நெடிலில் 'ஊ'வும் 'ஈ'யும் உறவு கொண்டவை என்பதற்கு ஸூரத்துல் ஃபீல் நல்ல சான்று. ஃபீல், தழ்லீல், அபாபீல், ஸிஜ்ஜீல் என்று நான்கு வசனங்கள் 'ஈல்' என முடிய, ஐந்தாவது 'மஃகூல்' என முடிகிறது. அரபுச் செவிக்கு அது பிசகாகத் தோன்றாது. யானைப் படை மென்று துப்பப்பட்ட வைக்கோல் போலாகும் அந்தக் கடைசி வசனத்தில் ஒலி சற்றே கீழிறங்கி அடங்குகிறது.

சில அத்தியாயங்கள் ஒரே ஒலியை இறுதி வரை விடாமல் பிடித்திருக்கின்றன. ஸூரத்துல் கமரின் 55 வசனங்களும் 'ரா' எழுத்தில் முடிகின்றன. ஸூரத்துஷ் ஷம்ஸின் 15 வசனங்களும் 'ஹா' என முடிகின்றன. ஸூரத்துர் ரஹ்மானின் 78 வசனங்களில் ஒரே வினா 31 முறை திரும்ப வருகிறது; அதன் ஈறான 'ஆன்' ஒலியே அந்த அத்தியாயம் முழுவதும் மேலோங்கி நிற்கிறது. வேறு சில அத்தியாயங்களில் ஓசை நடுவிலே திரும்புகிறது. நாம் தேடிவந்த செய்தி அங்கேதான் இருக்கிறது.

ஓசை திரும்பும் இடங்கள்

ஸூரத்துல் ஆதியாத் 11 வசனங்கள் கொண்டது. முதல் ஐந்து வசனங்கள் போர்க்குதிரைகளைக் காட்டுகின்றன. மூச்சிரைக்க ஓடுகின்றன, குளம்படியில் தீப்பொறி பறக்கிறது, அதிகாலையில் பாய்கின்றன, புழுதி கிளம்புகிறது, கூட்டத்தின் நடுவே புகுகின்றன. ஈற்றுச் சொற்கள் ழப்ஹா, கத்ஹா, ஸுப்ஹா, நக்ஆ, ஜம்ஆ. எல்லாம் இரண்டசைச் சொற்கள், நடுவில் ஓர் இடறல், பின் மூச்சு வெளியேறும் ஒலி. 'ழப்ஹ்' என்ற சொல்லே ஓடும் குதிரையின் மூச்சிரைப்பைக் குறிப்பது.

ஆறாவது வசனத்தில் காட்சி சட்டென்று மாறுகிறது. குதிரை போய் மனிதன் வருகிறான். அவன் தன் இரட்சகனுக்கு நன்றி கெட்டவன். அதற்கு அவனே சாட்சி. செல்வத்தின் மீது கடும் பற்றுக் கொண்டவன். ஒலியும் உடனே மாறுகிறது: கனூத், ஷஹீத், ஷதீத். ஓட்டம் நின்று, தால் எழுத்தின் அழுத்தம் விழுகிறது. ஒன்பதாவது வசனத்தில் மறுமை வருகிறது. புதைகுழிகள் கிளறப்படுகின்றன, நெஞ்சில் உள்ளவை வெளிக்கொணரப்படுகின்றன. ஒலி இரண்டாம் முறையாக மாறுகிறது: குபூர், ஸுதூர், கபீர். குதிரை, மனிதன், கப்று. மூன்று காட்சிகளுக்கு மூன்று ஒலிகள். பொருள் தெரியாமல் கேட்பவர்கூட, இரண்டு இடங்களில் ஏதோ திரும்பியது என்பதை உணராமல் இருக்க முடியாது.

ஸூரத்துத் தக்வீரும் இவ்வாறே. முதல் 14 வசனங்களும் 'அத்' என்ற குறுகிய ஒலியில் முடிகின்றன. சூரியன் சுருட்டப்படும், நட்சத்திரங்கள் உதிரும், மலைகள் பெயர்க்கப்படும் என்று உலகின் முடிவு அடுக்கடுக்காகச் சொல்லப்படுகிறது. அந்த அடுக்கின் நடுவில்தான், உயிரோடு புதைக்கப்பட்ட பெண் குழந்தை விசாரிக்கப்படும் காட்சியும் வருகிறது. மலைகளும் கடல்களும் பெற்ற அதே ஒலி வரிசையில் அந்தச் சிறுமிக்கும் இடம் கிடைக்கிறது. எட்டாம், ஒன்பதாம் வசனங்களின் ஈறுகளான 'ஸுஇலத்', 'குதிலத்' என்பன, சூரியன் சுருட்டப்படுவதைச் சொல்லும் 'குவ்விரத்' என்பதோடு ஒன்றி ஒலிக்கின்றன. ஒரு குழந்தையின் கொலை, வானம் இடிவதற்கு நிகரான செய்தி என்பதை இந்த ஓசை ஒழுங்கும் சொல்லிவிடுகிறது.

பதினைந்தாம் வசனத்தில் அந்தத் தடதடப்பு ஓய்கிறது. ஹுன்னஸ், குன்னஸ், அஸ்அஸ், தனஃப்பஸ் என்று 'ஸீன்' எழுத்தில் நான்கு முடிவுகள். மறையும் நட்சத்திரங்கள், விலகும் இரவு, மூச்சு விடும் வைகறை. பேரொலிகளுக்குப் பின் கிசுகிசுப்பு. அந்த அமைதியில்தான், இது கண்ணியமிக்க தூதரின் சொல் என்ற அறிவிப்பு வருகிறது. அப்போது ஈற்றொலியும் 'ஈம்', 'ஈன்' என்று நீண்டு விரிகிறது.

இன்னும் நீண்ட எடுத்துக்காட்டு ஸூரத்து மர்யம். ஸக்கரிய்யா (அலை) அவர்களின் இரகசியப் பிரார்த்தனை, மர்யம் (அலை) அவர்களின் தனிமை, பிரசவ வேதனை, தொட்டிலில் பேசிய குழந்தை ஆகிய செய்திகள் 2ஆம் வசனத்திலிருந்து 33ஆம் வசனம் வரை வருகின்றன. இவற்றின் ஈறுகள் பெரும்பாலும் 'இய்யா' என்ற மென்மையான ஒலி. 'கஃபிய்யா', 'ஷகிய்யா', 'வலிய்யா' என்று அது தொடர்கிறது. 34ஆம் வசனத்தில் கதை நிற்கிறது. ஈஸா (அலை) அவர்களைப் பற்றிய சர்ச்சைக்குத் தீர்ப்பு கூறப்படுகிறது. உடனே ஈறும் 'ஊன்', 'ஈம்', 'ஈன்' என்று மாறுகிறது. ஏழு வசனங்கள் இப்படிச் செல்கின்றன. 41இல் இப்ராஹீம் (அலை) அவர்களின் கதை தொடங்க, 'இய்யா' ஒலி மீண்டும் வருகிறது. அத்தியாயத்தின் இறுதிப் பகுதியில், இறைவனுக்குப் பிள்ளை உண்டு என்போர் கண்டிக்கப்படுகின்றனர். அங்கே இத்தா, ஹத்தா, அத்தா, லுத்தா என்று தால் இரட்டித்து இடிபோல் விழுகிறது. எகிப்திய எழுத்தாளர் ஸையித் குத்ப், 1945இல் வெளிவந்த தமது 'அத்தஸ்வீருல் ஃபன்னீ ஃபில் குர்ஆன்' என்ற நூலில் இந்த ஓசை மாற்றத்தை விரிவாக எடுத்துக்காட்டியிருக்கிறார். கதைக்கு ஓர் ஒலி, தீர்ப்புக்கு ஓர் ஒலி என்பது அவரது விளக்கத்தின் சாரம்.

அபிசீனிய மன்னர் நஜாஷியின் அவையில் ஜஃபர் இப்னு அபீதாலிப் (ரழி) அவர்கள் ஓதியது இந்த அத்தியாயத்தின் முற்பகுதியைத்தான். மன்னர் தாடி நனைய அழுதார் என்று இப்னு இஸ்ஹாக்கின் ஸீரா நூல் கூறுகிறது.

சொல்லுக்காகப் பொருளா, பொருளுக்காகச் சொல்லா?

இவ்விடத்தில் ஒரு கடினமான வினா எழுகிறது. ஓசை ஒத்து வரவேண்டும் என்பதற்காகச் சொற்கள் மாற்றப்பட்டனவா? கவிஞர்கள் அப்படிச் செய்வதுண்டு. எதுகைக்காக ஒரு சொல்லை இழுத்து வைத்துத் தொடுக்கும் புலவர்களை நாமும் கண்டிருக்கிறோம். இறைவாக்கில் அது நிகழுமா?

பக்தாதில் வாழ்ந்த ருமானீ (கி.பி. 994இல் மறைந்தவர்) இதற்குச் சுருக்கமான விதியொன்றைத் தந்தார். ஸஜ்உவில் பொருள் ஒலியின் பின்னே போகும். ஃபாஸிலாவில் ஒலி பொருளின் பின்னே வரும் என்பது அவரது கருத்து. அவருக்கு அடுத்த தலைமுறையைச் சேர்ந்த பாகில்லானீ (கி.பி. 1013இல் மறைந்தவர்), 'இஃஜாஸுல் குர்ஆன்' என்ற தமது நூலில் திருமறையில் ஸஜ்உவே இல்லை என்று வாதிட்டார்.

மறுபக்கத்தில் நின்றவர் லியாவுத்தீன் இப்னுல் அஸீர் (கி.பி. 1239இல் மறைந்தவர்). ஸஜ்உ உண்டு, அதில் இழிவு ஏதுமில்லை, ரஹ்மான், கமர் போன்ற அத்தியாயங்கள் முழுவதும் அப்படியே அமைந்தவை என்றார் அவர். ஒரு வழக்கில், கருவில் இறந்த சிசுவுக்கு நட்டஈடு கொடுக்க மறுத்தவன் ஒலி நயத்தோடு அடுக்கிப் பேசினான். அவனை நபியவர்கள் கண்டித்தார்கள் என்பது ஹதீஸ். கண்டிக்கப்பட்டது குறிகாரர்களின் ஸஜ்உவே. ஸஜ்உ முழுவதும் வெறுக்கத்தக்கதென்றால், குறிகாரர்களைச் சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டியதில்லையே என்பது இப்னுல் அஸீரின் வாதம். நீதியை மறைக்க அழகிய பேச்சைத் திரையாக்குவதே தவறு என்பது அதிலிருந்து நாம் பெறும் பாடம்.

இந்த விவாதத்தில் அடிக்கடி எடுத்துப் பேசப்படும் மூன்று இடங்களைப் பார்ப்போம்.

முதலாவது, ஸூரத்து தாஹா. மந்திரவாதிகள் ஈமான் கொண்டபோது 'மூஸா, ஹாரூன் ஆகியோரின் இரட்சகன்' என்று கூறியதாக அஃராஃப், ஷுஅரா ஆகிய அத்தியாயங்களில் வருகிறது. தாஹாவில் வரிசை மாறி, ஹாரூன் (அலை) அவர்களின் பெயர் முன்னும், மூஸா (அலை) அவர்களின் பெயர் பின்னும் வருகின்றன. தாஹாவின் வசனங்கள் பெரும்பாலும் 'ஆ' ஒலியில் முடிவன. மற்ற இரண்டும் பெரும்பாலும் 'ஊன்', 'ஈன்' என முடிவன. ஒலிக்காகவே இந்த மாற்றம் என்றனர் ஒரு சாரார். ஒரே செய்தியை வெவ்வேறு சொல்லமைப்பில் தந்து, எதிலும் குறையாமல் நிற்பதே திருமறையின் ஆற்றல் என்றார் பாகில்லானீ.

இரண்டாவது, ஸூரத்துல் அஹ்ஸாப். இதன் 73 வசனங்களில் ஒன்றைத் தவிர மற்றவை எல்லாம் நெடிய 'ஆ' ஒலியில் முடிகின்றன. 10, 66, 67ஆம் வசனங்களில் ழுனூனா, ரஸூலா, ஸபீலா என்று, இலக்கணப்படி வரவேண்டியதில்லாத ஓர் அலிப் ஈற்றில் சேர்ந்திருக்கிறது. ஓசைக்காக என்று எளிதில் சொல்லிவிடலாம். ஆனால் நான்காம் வசனமும் அதே 'ஸபீல்' என்ற சொல்லில்தான் முடிகிறது. அங்கே அலிப் இல்லை! ஓசை மட்டுமே காரணமென்றால் அங்கும் சேர்ந்திருக்க வேண்டுமல்லவா? எனவே சிலர் பொருளை நோக்கினர். நான்காம் வசனம், அல்லாஹ்வே நேர்வழி காட்டுகிறான் என்ற அமைதியான கூற்று. பத்தாம் வசனம், ஹிஜ்ரி 5இல் அகழ்ப் போரின்போது பகைவர் சூழ, கண்கள் நிலைகுத்தி, நெஞ்சம் தொண்டைக் குழிக்கு வந்த நேரம். 66, 67ஆம் வசனங்கள் நரகில் புரள்வோரின் ஓலம். பீதியிலும் ஓலத்திலும் குரல் நீள்வது இயற்கை. இது விளக்கமேயன்றி முடிந்த முடிவன்று; எனினும் சிந்திக்கத் தக்கது.

மூன்றாவது, நெஞ்சைத் தொடும் ஓர் இடம். வஹி சிறிது காலம் வராதிருந்தது. நபியவர்களின் இரட்சகன் அவர்களைக் கைவிட்டுவிட்டான், வெறுத்துவிட்டான் என்று எதிரிகள் ஏளனம் செய்தனர். அப்போது அருளப்பட்டது ஸூரத்துழ் ழுஹா. அதன் மூன்றாம் வசனம் அவ்விரண்டையும் மறுக்கிறது. 'கைவிடுதல்' என்ற வினையோடு 'உம்மை' என்ற சொல் சேர்ந்து வருகிறது. 'வெறுத்தல்' என்ற வினை மட்டும் 'கலா' என்று தனியே நின்றுவிடுகிறது; 'உம்மை' அங்கு இல்லை. சேர்த்தால் 'கலாக' என்றாகி ஈற்றொலி கெடும், அதனால்தான் விடப்பட்டது என்று பழைய உரையாசிரியர்களுள் சிலர் கூறினர்.

இதை ஏற்க மறுத்தவர் ஓர் எகிப்தியப் பெண் அறிஞர். 'பின்துஷ் ஷாதிஃ' என்ற புனைபெயரில் எழுதிய ஆயிஷா அப்துர் ரஹ்மான் (1913 - 1998) அவர். 1962இல் முதற்பாகம் வெளிவந்த தமது 'அத்தஃப்ஸீருல் பயானீ' என்ற விரிவுரையில் அவர் இவ்விடத்தை ஆராய்கிறார். அன்புக்குரியவரிடம் பேசும்போது, மறுத்துச் சொல்வதற்காகக்கூட 'உம்மை வெறுத்தல்' என்ற சொற்சேர்க்கையை நாவில் கொண்டுவர அன்பு இடந்தராது. பிரிவைச் சொல்லும் சொல் அன்பர்களுக்கிடையே வரலாம். வெறுப்பைச் சொல்லும் சொல் வரக்கூடாது. ஆகவே அந்த 'உம்மை' விடப்பட்டது ஒலிக்காக அன்று, கனிவுக்காக என்பது அவரது முடிவு.

அதற்கு அவர் காட்டும் சான்று மிக நுட்பமானது. அந்த அத்தியாயத்தின் முதல் எட்டு வசனங்கள் 'ஆ' என முடிகின்றன. அநாதையை அடக்காதீர், யாசிப்பவரை விரட்டாதீர் என்று கட்டளைகள் தொடங்கும்போது ஒலி 'தக்ஹர்', 'தன்ஹர்' என்று 'ரா'வுக்கு மாறுகிறது. கடைசி வசனம் 'ஹத்திஸ்' என்று முடிகிறது. இரட்சகனின் அருளை எடுத்துச் சொல்வீராக என்பது கருத்து. அதே கருத்தைத் தரும் 'கப்பிர்' என்ற சொல் அரபியில் இருக்கிறது. அது 'ரா'வில் முடிந்து முன்னிரண்டோடும் அழகாக இசைந்திருக்கும். அதை விட்டு, அந்த அத்தியாயத்தில் வேறெங்குமே வராத 'ஸா' எழுத்தில் முடியும் சொல் தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கிறது. ஓசைக்காகப் பொருள் வளைவதென்றால், அது வளைந்திருக்க வேண்டிய இடம் இது. வளையவில்லை!

நமக்குரிய பாடம்

நேயர்களே! நம்மில் பலர் திருமறையை இரண்டாகப் பிரித்துவிட்டோம். ஒரு சாரார் ஓதுகிறோம், இனிமையாக ஓதுகிறோம், பொருளைத் தேடுவதில்லை. மறு சாரார் அப்துல் ஹமீத் பாகவி அவர்களின் மொழிபெயர்ப்பு முதலாகத் தமிழில் வந்துள்ள பெயர்ப்புகளைப் படிக்கிறோம், ஓசையைத் தேடுவதில்லை. முதற்சாராரிடம் ஒலி திரும்புகிறது, எதற்காகத் திரும்புகிறது என்று தெரிவதில்லை. இரண்டாம் சாராரிடம் பொருள் திரும்புகிறது, அந்தத் திருப்பத்தின் அதிர்ச்சி காதில் விழுவதில்லை. எந்த மொழிபெயர்ப்பாளராலும் குபூரையும் ஸுதூரையும் தமிழில் இயைபாக்கித் தர இயலாது. 'கப்றுகள்' என்றும் 'நெஞ்சங்கள்' என்றும் எழுதும்போது பொருள் வந்துவிடும். புதைகுழியும் மனித நெஞ்சும் ஒரே ஒலியில் திறக்கப்படும் அந்த உறவு வந்து சேராது.

இதற்குப் பெரிய அரபுப் புலமை தேவையில்லை. கடைசி ஜுஸ்உவிலுள்ள சிறிய அத்தியாயம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வசன முடிவிலும் நிறுத்தி ஓதுங்கள். ஈற்றுச் சொற்களை மட்டும் ஒரு தாளில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதுங்கள். ஒலி எங்கே மாறுகிறதோ அங்கே ஒரு கோடிடுங்கள். பின்பு தமிழ்ப் பெயர்ப்பைத் திறந்து, அந்தக் கோட்டுக்கு மேலே என்ன சொல்லப்படுகிறது, கீழே என்ன சொல்லப்படுகிறது என்று பாருங்கள். ஆதியாத்தில் தொடங்கலாம், தக்வீருக்குச் செல்லலாம், பின்னர் மர்யமை எடுக்கலாம். எல்லா இடத்திலும் விடை உடனே கிடைக்கும் என்பதில்லை. பெரும் அறிஞர்களே முரண்பட்ட துறை இது. ஆனால் பல ஆண்டுகளாக நாம் ஓதிவந்த அத்தியாயம் ஒன்று, அன்றுதான் நம்மிடம் பேசத் தொடங்கியது போலிருக்கும்.

அல்லாஹ் நம் அனைவருக்கும் தன் வேதத்தைச் செவியாலும் சிந்தையாலும் சேர்ந்தே கேட்கும் பாக்கியத்தைத் தந்தருள்வானாக. வஸ்ஸலாம்.